கர்ணன் தோட்டத்துக் கிளிகள்

“என் பேரை எழுதுங்க மேடம்” என்றேன்.

சப் இன்ஸ்பெக்டர் ஜோதிலட்சுமி பேனாவைத் தொடவில்லை. நல்ல அம்மா. காலையிலிருந்து கர்ணனும் பக்கத்துத் தோட்டத்து வீரணனும் மாறி மாறிக் கத்தியதைக் கேட்ட பிறகும் என்னை உட்காரச் சொன்னார். சாட்சி சொல்ல வந்தியாம்மா என்று கேட்டார். சாட்சி சொல்ல வரவில்லை, கர்ணன் தோட்டத்துத் திராட்சை முழுவதையும் கிளி தின்றதே, அதைச் செய்தது நான் என்று சொல்ல வந்தேன் என்றேன். “மு. முனீஸ்வரி, பி.எஸ்சி. பட்டத்தையும் சேத்து எழுதுங்க.”

செய்த வேலைக்குப் பேர் கேட்கக் கூடாது என்பது எனக்குச் சொல்லப்பட்ட விஷயம்தான். தேனியில் நான் முதலில் வேலை பார்த்த ரெக்கார்டிங் ஸ்டுடியோவின் முதலாளி கிருபாவதி அக்கா கண்டித்துச் சொன்னது அது ஒன்றுதான். “ஏசி கேளு, மெத்த வச்ச சேர் கேளு, லீவு கேளு. பேரு மட்டும் கேட்ராத முனீஸ்வரி. கேட்டா மறுபடி கூப்பிட மாட்டாக.” ஆறு வருஷம் கேட்கவில்லை. அப்புறம் இரண்டு தடவை கேட்டேன். மேடத்திடம் கேட்டது இரண்டாவது.

என் வேலை மாஸ்டரிங். எழுதினவர், பாடினவர், வாசித்தவர், எல்லாவற்றையும் சேர்த்துக் கலந்தவர் என்று அத்தனை பேரும் கையைக் கழுவிவிட்டுப் போன பிறகு பாட்டு என்னிடம் வரும். அது போனிலும் கேட்க வேண்டும், பஸ்ஸிலும் கேட்க வேண்டும், கோயில் குழாய் ஸ்பீக்கரிலும் கேட்க வேண்டும். எங்கே குத்துகிறது, எங்கே அமுங்குகிறது என்று பார்த்துச் சரிசெய்து அனுப்புவேன். ஒழுங்காகச் செய்தால் ஒருத்தருக்கும் தெரியாது. சொதப்பினால் மட்டும் ‘எவன்டா பண்ணுனது’ என்பார்கள். அப்போதும் எவன்தான்.

ஒரு தடவை கம்பம் பஸ்ஸில் நான் செய்த பாட்டு ஓடியது. பெருமை தாங்காமல் கண்டக்டரிடம் இது என் வேலை என்றேன். “நீ பாடுனியாம்மா?” இல்லை. “எழுதுனியா?” இல்லை. “மியூசிக்கு?” இல்லை. “அப்ப டிக்கெட்ட எடு.”

சொந்தமாகவும் இசை செய்கிறேன். மின்னணு இசை. பாட்டு இருக்காது, சத்தம் மட்டும். போடியில் வாங்கிய இலவம்பஞ்சை உறையில் அடைத்து ஒரு அறையின் சுவர் முழுக்க நிறுத்தியிருக்கிறேன், அதுதான் ஸ்டுடியோ. ஐந்து ஆல்பம் வெளியிட்டேன். ஐந்தையும் சேர்த்து எண்ணூறு தடவை கேட்கப்பட்டிருக்கிறது. அதில் இருநூறு தடவை நான் கேட்டது. இதை வருத்தமாகச் சொல்லவில்லை. கணக்கு துல்லியமாக இருக்கட்டும் என்று சொல்கிறேன்.

கர்ணன் என்னைக் கூப்பிட்டது அம்மா மூலமாக. அம்மா பேர் மலையம்மாள். பதினெட்டு வருஷமாக அவர் திராட்சைப் பந்தலில் நெருக்கமான காயைக் கழிக்கிறாள், பழம் வெட்டுகிறாள். பழம் நிறம் மாறினால் மேகமலை அடிவாரத்திலிருந்து கிளி இறங்கிவிடும். கர்ணன் வெடி போட்டார், தகரம் தட்டினார், மினுக்கும் நாடா கட்டினார். பிறகு எங்கிருந்தோ வல்லூறு கத்தும் மெஷின் ஒன்று வாங்கி வைத்தார். நாலாம் நாள் கிளி அந்த மெஷின் மேலேயே உட்கார்ந்து மூக்கைத் தீட்டியது. “எம் மக சத்தம் பண்ற வேலதான் பாக்குது மொதலாளி” என்று அம்மா சொல்லியிருக்கிறாள்.

நான் போய்க் கேட்டேன். கிளி மேல் தப்பில்லை. ஒரே சத்தத்தை ஒரே இடைவெளியில் போட்டால் நானும் அப்படித்தான் உட்காருவேன்.

ஆண்டிபட்டிப் பக்கம் ஒரு சோளக்காட்டில் மூன்று வாரம் மைக்கோடு படுத்துக் கிடந்தேன். கிளிக்கு வல்லூறைக் கண்டால் ஒரு சத்தம் உண்டு. கதிரைக் கண்டால், எல்லாரும் வாங்க, இங்கன நெறையா இருக்கு என்று கூட்டத்தைக் கூப்பிடும் சத்தம் ஒன்று உண்டு. மனிதக் காதுக்கு இரண்டும் வெறும் கீச்சுத்தான். மூன்றாவது வாரம் எனக்குப் பிரித்துத் தெரிந்துவிட்டது. இரண்டையும் பதிந்து வைத்துக்கொண்டேன்.

அந்தப் பயச் சத்தத்தை வைத்து நாற்பது நிமிஷம் ஓடுகிற மாதிரி ஒன்று செய்தேன். கிளி மனப்பாடம் பண்ணிவிடும் என்பதால் தினமும் புதிதாக ஒன்று. வல்லூறு ஒரு நாள் கிழக்கிலிருந்து வரும், ஒரு நாள் வராமலே பயம் மட்டும் வரும். தோட்டத்தில் சிம் போட்ட ஒரு பெட்டியும் ஸ்பீக்கரும் வைத்தோம். விடிந்ததும் அந்தப் பெட்டி என் லிங்க்கிலிருந்து அன்றைய சத்தத்தைத் தானாக எடுத்துக்கொள்ளும். அந்தக் காய்ப்பில் ஒரு கொத்தில்கூடக் கிளி மூக்கு படவில்லை. நான் செய்ததைக் கேட்ட மாத்திரத்தில் மொத்தமாக எழுந்துபோன ரசிகர்கள் அதுவரை எனக்கு வாய்த்ததில்லை.

அதன்பிறகு தேனியில் திராட்சை விவசாயிகள் கூட்டம். மேடையில் கர்ணன் மைக்கைப் பிடித்து, தன் மகன் மகிழன் கண்டுபிடித்த கருவி என்றார். மகிழனுக்குப் பொன்னாடை போட்டார்கள். அவன் நல்ல பையன்தான். சிவப்பு வயர் எங்கே சொருக வேண்டும், கறுப்பு எங்கே என்று என்னிடம் கேட்டுத் தெரிந்துகொண்டவன். நான் மேடைக்குக் கீழே ஸ்பீக்கர் பக்கத்தில் நின்றேன். முடிந்ததும் கர்ணனிடம் போனேன். முதல் தடவை கேட்டது அப்போதுதான். அம்மா மொதலாளி என்பாள். எனக்கு வாய் வராது.

“சார், என் பேரச் சொல்லலையே.”

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். “ஏத்தா, ஒங்க ஆத்தா பதினெட்டு வருசமாக் கொத்து வெட்டுது. பழப் பெட்டியில அது பேரா போட்டிருக்கு? எம் பேரத்தான போட்டிருக்கு. தோட்டம் யாருதோ பேரு அவுகளுது.”

அம்மா விஷயத்தில் அவர் சொன்னது நியாயமாகவே பட்டது. என் விஷயம் வேறு.

அடுத்த காய்ப்புக்குள் கூடலூரிலிருந்து சின்னமனூர் வரை முப்பத்தெட்டுத் தோட்டங்களுக்குப் பெட்டி போய்விட்டது. ஒவ்வொன்றிலும் மகிழன் பேர் ஒட்டியிருந்தது. எல்லாமே என் லிங்க்கில்தான் ஓடின. அவனுக்கு அதை மாற்றத் தெரியாது. மாற்ற வேண்டும் என்றும் தெரியாது. இருக்கட்டும் என்று விட்டுவைத்தேன்.

கர்ணன் தோட்டம் எப்போதும் பத்து நாள் முந்தும். அங்கே பழம் நன்றாகக் கறுத்து, அடுத்த வாரம் வெட்டு என்று தேதி குறித்த அன்று, அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் சத்தத்தை மாற்றினேன். கோபத்தில் செய்யவில்லை. கோபத்தில் செய்கிற மிக்ஸில் மேல் சத்தம் தூக்கலாக இருக்கும். இரண்டு நாள் ஆறப்போட்டு, திரும்பக் கேட்டு, இரண்டு இடத்தில் திருத்தி அனுப்பினேன். மேலே அந்தப் பழைய மெஷின் வல்லூறு, மனிதருக்காக; கிளிக்கு அது பழகிப்போனது. அடியில் சோளக்காட்டுக் கிளிகள்: எல்லாரும் வாங்க, இங்கன நெறையா இருக்கு.

முதல் நாள் நூறு கிளி வந்ததாம். கர்ணன் போன் பண்ணினார்.

“ஏத்தா முனீஸ்வரி, இன்னைக்கு வரத்து சாஸ்தியா இருக்கு. ஆனா பொட்டியில கிளி நல்லா அலறுது, பயந்துதான் கெடக்குக போல. சத்தம் பத்தலையோ? கூட்டி வைக்கவா?”

“வைங்க சார். முழுசா வைங்க.”

கூட்டினார். மறுநாள் வானம் கொள்ளாமல் வந்தன. அவர் மகிழனை அனுப்பிக் கோயில் ரேடியோ செட்டிலிருந்து இரண்டு குழாய் இறக்கி அதிலும் இணைத்தார். மூன்று மைல் கேட்டிருக்கும். கிளி வர வர அவர் கூட்டினார், அவர் கூட்டக் கூட்டக் கிளி வந்தது. இதில் நான் ஒரு விரலைக்கூட அசைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். அம்மா சாயங்காலம் வந்து, பந்தலில் இலையைவிடக் கிளி அதிகம் என்றாள். அவளுக்கு வர்ணிக்கத் தெரியாது, அதனால் நம்பினேன்.

கிளி ஒரு பழத்தை முழுதாகத் தின்னாது. ஒரு கொத்து கொத்திவிட்டு அடுத்ததுக்குப் போகும். ஆறு நாளில் பந்தலில் காம்புதான் மிச்சம். கீழே சாறு ஓடிக் குளவி மொய்த்தது. ஆறாம் நாளும் கர்ணன் தகரத்தைத் தட்டிக்கொண்டு, “இன்னும் கூட்றா, இன்னும் கூட்றா” என்று மகனிடம் கத்தினாராம். இப்போது பக்கத்துத் தெருவில் ஒரு மைக் டெஸ்ட் பண்ணினாலே காதைப் பொத்திக்கொள்கிறார் என்கிறார்கள். கொஞ்சம் மிகையாக இருக்கலாம்.

வெட்டுக்கு இருந்த முப்பது பெண்களுக்கு வேலை இல்லாமல் போனது. அம்மாவும் அதில் ஒருத்தி. இப்போது விடியுமுன் ஜீப்பில் மலையேறிக் கேரளாவுக்கு ஏலக்காய்த் தோட்ட வேலைக்குப் போகிறாள். அங்கே குளிர்ச்சியாக இருக்கும். வெயில் அவளுக்கு ஒத்துக்கொள்வதில்லை. நான்தான் செய்தேன் என்று அவளிடம் சொல்லவில்லை. சத்தத்தின் நுணுக்கம் அவளுக்குப் புரியாது.

இத்தோடு நான் பேசாமல் இருந்திருப்பேன். வேலி தாண்டினால் வீரணன் தோட்டம். அங்கே என் பயச் சத்தம் ஓடிக்கொண்டிருந்ததால் ஒரு கிளி எட்டிப் பார்க்கவில்லை. கர்ணன் அதைப் பார்த்துவிட்டு, வீரணன்தான் கிளியை இந்தப் பக்கம் ஓட்டிவிட்டார் என்று போலீசில் மனுக் கொடுத்தார். வீரணன் மறுத்திருந்தால் சரி. அவர் டீக்கடையில் மீசையைத் தடவிக்கொண்டு, “நான் ஒரு சீட்டி அடிச்சேன்னா மேகமலக் கிளி பூராம் எந்திரிச்சு வரும்ல” என்று ஆரம்பித்துவிட்டார். ஆட்கள் டீ வாங்கிக் கொடுத்துக் கேட்டார்கள். நான் அந்த வழியாகப் போகும்போது இரண்டு பேர் சீட்டி கற்றுக்கொண்டிருந்தார்கள்.

மூன்று வாரச் சோளக்காடு. ஆறு வருஷக் காது. சீட்டியாம்.

அதனால்தான் மனு விசாரணை நாளில் ஸ்டேஷனுக்குப் போனேன். இங்கே எழுதியிருக்கிற அத்தனையையும், கோபம் கீபம் இல்லாமல், வரிசையாக மேடத்திடம் சொன்னேன். ஒரு பெஞ்சில் கர்ணனும் மகிழனும். எதிர்ப் பெஞ்சில் வீரணன்.

முதலில் வீரணன்தான் எழுந்தார். “ஏ புள்ள, ஒனக்கெதுக்கு இந்தச் சோலி? நான் பாத்துக்கிறேன், நீ வீட்டுக்குப் போ.”

“செஞ்சது நான்ணே.”

“லேப்டாப்ப நோண்டுனா கிளி வருமாக்கும். அம்மா, நீங்க நம்பாதீக. சீட்டிதாம்மா.”

“ஒக்காருய்யா. இம்புட்டு ஆசையா மாட்டிக்கிறவன இப்பத்தான் பாக்குறேன்” என்றார் மேடம். என்னிடம் திரும்பினார். “சரி, போட்டுக் காட்டு.”

போனில் இரண்டு சத்தத்தையும் போட்டேன். பயம் முதலில், பசி அடுத்து. மேடம் பொறுமையாக இரண்டு தடவை கேட்டார். ரைட்டரையும் கூப்பிட்டுக் கேட்க வைத்தார்.

“ரெண்டும் கிளிதானம்மா” என்றார் ரைட்டர்.

கர்ணன் அதுவரை காதில் கையை வைத்தபடி குனிந்திருந்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் மாறுவதைப் பார்க்கத்தான் அந்தப் பக்கம் திரும்பினேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் நிமிர்ந்து மேடத்தைப் பார்த்துச் சொன்னார்: “இதுக்கு அம்புட்டு மூள கெடையாதும்மா. எம் மகனே மூணு நாளாப் பாத்துட்டு ஒண்ணும் வெளங்கலன்னுட்டான். இது மலையம்மா மக. பாவம், ஆத்தாளுக்கு வேல போன வெசனத்துல எதையோ பேசுது.”

என் மேல் இரக்கப்பட்டார். அதுதான் எனக்கு நடந்ததிலேயே மோசமானது.

மேடம் கடைசியாகப் பேனாவை எடுத்தார். ‘பறவைச் சேதம். இரு தரப்பும் சமாதானம்.’ இரண்டு பேரிடமும் கையெழுத்து வாங்கினார். நான் கையை நீட்டியபோது தாளை இழுத்துக்கொண்டார். “கிளி தின்னதுக்கு எந்தப் பிரிவுல ஒம் பேர எழுதச் சொல்ற? படிச்ச புள்ள. போயி ஒரு நல்ல வேலையத் தேடு.”

எழுந்தேன். நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு நன்றி சொன்னேன்.

மற்ற முப்பத்தேழு தோட்டங்களிலும் பழம் கறுத்துவிட்டது. அந்தப் பெட்டிகள் நாளை விடிந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டிய சத்தத்தைக் காலையில் கிளம்பும் முன்பே ஏற்றிவிட்டுத்தான் வந்திருந்தேன். முதல் இருபது விநாடி அதில் கிளி கிடையாது. என் குரல் மட்டும்: ஒலி அமைப்பு, மாஸ்டரிங், மு. முனீஸ்வரி, பி.எஸ்சி. அதன்பிறகு சோளக்காட்டுக் கிளிகள்: எல்லாரும் வாங்க.

மேடம் என் பேரை எழுதியிருந்தால் அங்கேயே போனில் அதை நிறுத்தியிருப்பேன். நான் அப்படிப்பட்டவள்தான். ஸ்டேஷன் வாசலில் நின்று இன்னொரு தடவை முழுதாகக் கேட்டேன். குரல் கொஞ்சம் அடங்கியிருந்த மாதிரி பட்டது. இரண்டு புள்ளி கூட்டிவிட்டு, படியிறங்கினேன்.