கப்பலில் தம்பி கிடையாது

"ஹலோ… ஹலோ, அண்ணி… ஆமா, ஜூலியாதான். வைக்காதீங்க… வைக்காதீங்கன்னு சொல்றேன்ல… மூணு தடவ கட் பண்ணிட்டீங்க. நாலாவது தடவ பண்ணீங்கன்னா ஆட்டோ புடிச்சு அல்சூர்ல உங்க வீட்டுக்கே வந்து நிப்பேன்… ஆமா, மிரட்டுறேன்தான். நல்லவிதமா பேசினா நீங்க எங்க கேக்கறீங்க?"

அடுகோடியில் ஒரு பல் கிளினிக்கில் ஜூலியாவுக்கு முன்மேசை வேலை. பல்வலியோடு வருகிறவர்களிடம் நாள் முழுக்கச் சிரித்துப் பேசுவதற்குத்தான் சம்பளம். அந்தச் சிரிப்பை மேசை இழுப்பறையிலேயே போட்டுவிட்டு, பின்பக்கம் ஜெனரேட்டர் நிற்கும் சந்துக்கு வந்திருந்தாள். மணி மூன்றரை.

"கேளுங்க. உங்க தம்பி மெசேஜ் போட்டிருக்காரு. இன்னிக்கு நாலரைக்கு, நம்ம டைம் நாலரைக்கு, அவரக் கூப்பிட்டு விசாரிக்கப் போறாங்க… கப்பல்லதான், வேற எங்க?… அவரோட மேனேஜர், அதுக்கு மேல ஒரு வெள்ளக்காரன்… எதுக்கா? என்னையா கேக்கறீங்க? எறங்கி வர்றப்ப சர்வீஸ் எப்படின்னு ஒரு ஃபார்ம் எழுதிக் குடுத்துட்டு வந்தீங்கல்ல, அத எதிர்ல வச்சுக்கிட்டுதான் விசாரண. வேல போகுது அண்ணி. சிங்கப்பூர்ல எறக்கி ஊருக்கு அனுப்பிடுவாங்க. ஒரு கப்பல்ல அப்படி எறக்கிட்டா வேற எந்தக் கப்பல்லயும் ஏத்த மாட்டாங்க… ஒன்பது வருஷம் அண்ணி. ஒன்பது வருஷத்துல ஒரு புகார் கிடையாது."

கேத்தரின், ஜூலியாவின் புருஷன் ஃபிராங்க்ளினுடைய உடன்பிறந்த அக்கா. கல்யாணம் ஆகி இருபத்தைந்து வருஷம் ஆனதற்காக அவளும் அவள் கணவர் மதலைமுத்துவும் போன மாதம் சிங்கப்பூர் போய், சொகுசுக் கப்பலில் நாலு நாள் சுற்றிவிட்டு வந்தார்கள். உலகத்தில் எத்தனையோ கப்பல் இருக்க, தம்பி அறை சுத்தம் செய்கிற கப்பலையே தேடிப் பிடித்தாள். சாப்பாடு, குடி, பாட்டு, நீச்சல்குளம் எல்லாம் ஒரே டிக்கெட்டில் என்று ஏஜெண்ட் கொடுத்த வழவழப்புப் புத்தகத்தில் போட்டிருந்தது. 'எங்கள் கப்பலில் இல்லை என்ற சொல்லே கிடையாது' என்று அதில் ஒரு வரி. அந்த வரியை மட்டும் ஜூலியாவுக்கு மூன்று தடவை வாசித்துக் காட்டியிருந்தாள்.

"தெரியும், தெரியும்… காபி வாயில வைக்க முடியல, தெரியும்… வைஃபைக்குத் தனியா கேட்டான், அதுவும் தெரியும். ஞாயித்துக்கிழம பூசை முடிஞ்சு கோயில் வாசல்ல நின்னு எல்லார்கிட்டயும் சொன்னீங்கல்ல, எனக்கும் வந்துச்சு. இன்னொன்னும் வந்துச்சு… 'கூடப் பொறந்தவன் என்ன மேடம்னு கூப்பிட்டான்'னு சொன்னீங்களாமே?… ஆமா, கூப்பிட்டிருப்பாரு. காரிடார்ல பத்து பேர் நிக்கறப்ப அக்கான்னு ஓடி வந்து கட்டிப்பிடிப்பாரா? சட்டைல பேர் குத்தியிருக்கு அண்ணி, அது வேலச் சட்ட… ம்… ம்… ராத்திரி விருந்துக்குக் கோட்டு போட்டுக்கிட்டு வந்து உங்க மேசைல உக்காரலன்னும் கோவம்… இருங்க, நான் முடிச்சிடறேன். ஒரு நாளைக்கு எத்தன தடவ அவரக் கூப்பிட்டீங்க, எண்ணிப் பாத்தீங்களா? ஐஸ் கொண்டா, தலகாணிய மாத்து, துண்டுல நேத்து யான பண்ணியே, இன்னிக்கு மயில் பண்ணு… பதினெட்டு ரூம் அவருக்கு. உங்க ரூம் ஒண்ணு மட்டும் இல்ல. எல்லாம் சேத்துதான் டிக்கெட்டுன்னா, உங்க தம்பியும் அதுல சேத்தியா?"

அந்தப் பக்கம் சத்தம் ஏறியது. ஜூலியா போனைக் காதிலிருந்து கொஞ்சம் தள்ளிப் பிடித்தாள். அவளுக்குக் கோபம் வந்தால் குரல் ஏறாது, இறங்கும். குடும்பத்தில் எல்லோரும் பயப்படுவது அந்த இறங்கிய குரலுக்குத்தான். கேத்தரின் ஒருத்திதான் எதற்கும் பயப்படாதவள். கிளினிக் பின்கதவிலிருந்து கன்னத்தைப் பிடித்துக்கொண்டு ஒருவர் எட்டிப் பார்த்தார்.

"ஒந்த் நிமிஷ சார்… கூத்கொள்ளி, டாக்டர் பர்த்தாரே… உங்கள இல்ல அண்ணி, பேஷண்ட உக்காரச் சொன்னேன். சொல்லுங்க, அந்தக் கோவத்துல என்ன எழுதி வச்சீங்க?… பத்துக்குப் பத்தா? பத்துக்குப் பத்து போட்டா எதுக்கு விசாரண வைக்கறான்?… பொய்… பொய் சொல்றீங்க… மாதா மேலல்லாம் சத்தியம் பண்ணாதீங்க… போட்டோ புடிச்சு வச்சிருக்கீங்களா? அப்பப் படிங்க. நான் கேக்கறேன்… கண்ணாடி எடுத்துட்டு வாங்க, இருக்கேன்… இருக்கேன்."

எந்தச் சொல்லில் விஷம் இருக்கிறதோ அந்தச் சொல்லை அப்படியே பிடித்துக்கொள்ள வேண்டும் என்று ஜூலியா காத்துக்கொண்டு நின்றாள். நாத்தனாரைப் பதினாலு வருஷமாகத் தெரியும். இன்றைக்கு ஒரு பிடி கிடைக்கப் போகிறது என்பதில் அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சந்தோஷம்கூட இருந்தது.

"ம்… ம்… 'வெரி குட் சர்வீஸ்'… ம்… 'ஆல்வேஸ் ஸ்மைலிங்'… சரி… என்னது? திரும்பப் படிங்க… 'ஹி இஸ் மை ஓன் பிரதர்'… மேல படிங்க… வீட்டுலேருந்து கொண்டுபோன சாப்பாட்ட… உங்க ரூம்ல, உங்க கட்டில்ல, பக்கத்துல உக்காந்து சாப்பிட்டாருன்னா எழுதினீங்க?… 'ஸோ ஹம்பிள்'… 'ப்ளீஸ் கிவ் ஹிம் புரமோஷன்'… போதும். ஐயோ அண்ணி, போதும், நிறுத்துங்க."

கெட்டதாக ஒரு சொல்கூட இல்லை.

அந்தக் கப்பலின் சட்டங்கள் ஜூலியாவுக்கு மனப்பாடம். பயணியின் அறையில் வேலையாள் உட்காரக் கூடாது. பயணியின் சாப்பாட்டைத் தொடக் கூடாது. இந்த இரண்டுக்கும் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு விட்டுவிடுவார்கள். மூன்றாவது ஒன்று இருக்கிறது. சொந்தக்காரர் யாராவது பயணியாக ஏறினால் முன்னாடியே எழுதித் தர வேண்டும். மறைத்தால் வேலை போய்விடும். ஃபிராங்க்ளின் எழுதித் தரவில்லை. தராத விஷயத்தைக் கேத்தரின் தன் கையாலேயே எழுதி, அடியில் கையெழுத்தும் போட்டு, பதவி உயர்வும் சேர்த்துக் கேட்டுவிட்டு வந்திருக்கிறாள்.

"நல்லதுதான் எழுதினீங்க… ஆமா, நல்லதுதான். ஆகாதவன் எவனாவது நாலு வரி திட்டி எழுதியிருந்தா இவ்ளோ தூரம் வந்திருக்காது… கத்தாதீங்க. ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. உக்கார மாட்டேன்னு அவரு சொன்னாரா இல்லையா?… எத்தன தடவ?… மூணு தடவ சொல்லியிருக்காரு. நின்னுக்கிட்டே ரெண்டு வாய் சாப்பிட்டுட்டுப் போறேன்னாரு. நீங்க கையப் புடிச்சு இழுத்து உக்கார வச்சீங்க… பாசம்தான், யாரு இல்லன்னா? ஆனா அங்க நீங்க அக்கா இல்ல, டிக்கெட் வாங்கிட்டு வந்தவங்க. இல்லங்கற சொல்லே கிடையாதுன்னு புக்குல போட்டிருந்துச்சுல்ல? அந்தச் சொல் உங்க காதுல விழாம பாத்துக்கறதுக்குத்தான் உங்க தம்பிய வேலைக்கு வச்சிருக்காங்க. மேடம் உக்காருன்னு சொன்னா அவரு எப்படி நிப்பாரு?… என்ன?… யாரு குடுத்து அனுப்பினதா?"

ஜெனரேட்டர் நின்றுபோயிருந்தது. சந்து திடீரென்று அமைதியானதில் அவள் குரல் அவளுக்கே பெரிதாகக் கேட்டது.

"நான்தான்… புளிசாதம் நான்தான் கட்டிக் குடுத்தேன்… ஆமா, எலுமிச்ச ஊறுகாயும்… ஆமா, ஹேண்ட்பேக்ல மறச்சு எடுத்துட்டுப் போங்கன்னேன்… கண்ணு முன்னாடி உக்கார வச்சு சாப்பிட வைங்க, ஒரு போட்டோ அனுப்புங்கன்னு சொன்னேன்… சொன்னேன்… இல்லன்னு நான் சொல்லலையே… ஆமா, ஸ்டேட்டஸ்லயும் வச்சேன்."

அந்தப் படம் இன்னும் அவள் போனின் முகப்பில்தான் இருந்தது. வெள்ளைச் சட்டையில் பெயர்ப்பட்டை, வாய் நிறையச் சோறு, தோள்மேல் கேத்தரினின் கை. எட்டு மாதமாக வீடியோவில் ரொட்டியைக் கடித்துக்கொண்டிருந்த மனுஷன் அன்றைக்குத்தான் வயிறாரச் சாப்பிட்டார் என்று அவள் பூரித்துப்போயிருந்தாள்.

"இன்னொன்னும் சொல்லிடறேன், அப்புறம் எவ்ளோ வேணா திட்டுங்க. அக்கா வர்றாங்கன்னு எழுதிக் குடுத்துடவான்னு அவரு என்னக் கேட்டாரு. குடுத்தா அவர வேற மாடிக்கு மாத்திடுவாங்க, உங்க ரூம் பக்கமே வர முடியாது. குடுக்காதீங்கன்னு நான்தான் சொன்னேன்… ஆமா… ஆமா, ஒரு டப்பா சோத்துக்காகத்தான்… திட்டுங்க… ம்… புத்தி இல்லதான்… ம்… எங்க அம்மாவ ஏன் இழுக்கறீங்க?… சரி. அதுவும் சரி. முடிஞ்சுதா?"

மணி நாலு அடிக்க ஐந்து நிமிஷம். ஜூலியா சுவரில் சாய்ந்துகொண்டாள். அழுகை வரும்போல இருந்தது. வந்தால் கேத்தரின் ஜெயித்துவிடுவாள்.

"திட்டினது போதும். மதலைமுத்து அண்ணன லேப்டாப் தொறக்கச் சொல்லுங்க. நான் சொல்லச் சொல்ல இங்கிலீஷ்ல அடிக்கட்டும். உங்க மெயில்லேருந்துதான் போகணும், எனக்கும் ஒரு காப்பி… 'டியர் சார்'… அடிச்சாச்சா? உங்க ஆளு உக்கார மாட்டேன்னு மூணு தடவ சொன்னாரு, நான்தான் கட்டாயப்படுத்தினேன்… இது உண்மதானே?… ம். அடுத்தது. சொந்தத் தம்பின்னு நான் எழுதினத நீங்க வேற மாதிரி எடுத்துக்கிட்டீங்க. எங்க ஊர்ல வயசுல சின்னவங்க எல்லாரையும் தம்பின்னுதான் கூப்பிடுவோம். ஆட்டோ ஓட்டறவரும் தம்பி, பால் பாக்கெட் போடறவரும் தம்பி. அந்த மாதிரிதான் இவரும். கப்பல்ல ஏறினப்புறம்தான் இவரத் தெரியும். எங்களுக்குள்ள உறவு எதுவும் இல்ல… அண்ணி?… இருக்கீங்களா?… டைப் அடிக்கற சத்தம் ஏன் நின்னுடுச்சு?"

பதில் வந்தபோது அது சண்டைக் குரலாக இல்லை.

"தெரியும் அண்ணி… ஞானஸ்நானத்துக்குக் கோயிலுக்கு அவரத் தூக்கிட்டுப் போனது நீங்கதான்… தெரியும், பன்னெண்டு வயசு உங்களுக்கு… தண்ணி ஊத்தறப்ப தொட்டிகிட்ட நின்னது நீங்கதான்… ம்… ம்… கல்யாணம் ஆகி உங்க பேரு மாறிடுச்சு, யாரும் கண்டுபிடிக்க மாட்டாங்க… பாவம்தான், பாவம் இல்லன்னு நான் சொல்லல. பாவசங்கீர்த்தனத்துல சொல்லிடுங்க. சாமியார் மன்னிச்சிடுவாரு, கப்பல்காரன் மன்னிக்க மாட்டான்."

"அழாதீங்க… அழறதுக்கு நேரமில்ல… அங்க அவரு மேடம்னு கூப்பிட்டத ஊரெல்லாம் சொல்லத் தெரிஞ்சுதுல்ல? அவரு அப்படிக் கூப்பிட்டதாலதான் நாலு நாளும் யாருக்கும் தெரியல. தம்பின்னு நீங்க எழுதினப்புறம்தான் தெரிஞ்சுது. இப்ப அத நீங்களே அழிச்சிடுங்க. ஒரு வரிதானே?"

சொன்ன பிறகு அந்த 'ஒரு வரிதானே'யைத் திரும்ப எடுத்துக்கொள்ள முடிந்தால் நன்றாயிருக்கும் என்று ஜூலியாவுக்குத் தோன்றியது. ஆனால் தூரத்தில் விசைப்பலகைச் சத்தம் மறுபடி கேட்க ஆரம்பித்திருந்தது. மதலைமுத்து இரண்டு விரலால் அடிக்கிறவர். ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக விழுந்தது.

"முடிஞ்சுதா?… எல்லாமா? உறவு இல்லங்கறதும்?… சரி. அனுப்பிட்டீங்களா?… ஏன் இன்னும் அனுப்பல? நாலு பத்து ஆகுது அண்ணி… என்ன?… என்ன சொல்றீங்க?… அண்ணின்னு கூப்பிடாம வேற எப்படி… பதினாலு வருஷமா அப்படித்தானே கூப்பிடறேன்… ம்… அவரு உங்களுக்கு யாரும் இல்லன்னா நானும் யாரும் இல்ல… புரியுது… புரியுதுங்கறேன்ல, அனுப்புங்க… அவரு கூப்பிட்ட மாதிரியே நானும் சொன்னாத்தான் அனுப்புவீங்களா?… வெளயாடாதீங்க… இது வெளயாடற நேரமா?… நேரம் ஆகுது… அண்ணி…"

கிளினிக்கில் ஒரு நாளைக்கு ஐம்பது தடவையாவது ஜூலியா அந்தச் சொல்லைச் சொல்கிறாள். ஒரு தடவைகூட அது தொண்டையில் நின்றதில்லை. ஃபிராங்க்ளினுக்கும் அப்படித்தான் இருந்திருக்குமா, அந்தக் காரிடாரில் அக்காவைப் பார்த்து முதல் தடவை சொன்னபோது? அதை அவள் கேட்டதே இல்லை.

"அனுப்புங்க… ப்ளீஸ்… மேடம்."

போன் கையில் அதிர்ந்தது. மெயில். அவசரமாகத் திறந்து பார்த்தாள். அவள் சொன்னது ஒன்றுகூட விடாமல் இருந்தது. கடைசியில் 'யுவர்ஸ் சின்சியர்லி, திருமதி கேத்தரின் மதலைமுத்து'. போனை மறுபடி காதில் வைத்தாள்.

"வந்துடுச்சு… வந்துடுச்சு அண்ணி. நாலு பன்னெண்டு. நேரம் இருக்கு, அவருக்கு ஒண்ணும் ஆகாது… நான் பேசினதெல்லாம் மனசுல வச்சுக்காதீங்க. நீங்க கொஞ்சம் தண்ணி குடிங்க. விசாரண முடிஞ்சு அவரு கூப்பிட்டதும் மொதல்ல உங்களுக்குத்தான் சொல்லுவேன்… இந்தத் தடவ லீவுல வந்ததும் நேரா அல்சூருக்குத்தான் கூட்டிட்டு வருவேன், நீங்களே கேளுங்க உங்க தம்பிய… அண்ணி?… உங்க தம்பிய…"

லைன் எப்போதோ அறுந்திருந்தது.