மாற்று ஆளின் தகப்பன் எழுதுவது

செயலாளர் அம்மா அவர்களுக்கு,

நாற்காலி போடுவதில் ஒரு நிம்மதி இருக்கிறது. நாற்பத்தெட்டு நாற்காலிகளையும் அரைவட்டமாகப் போட்டு, ஒவ்வொன்றின் முன்னும் நோட்டுத் தாங்கியை நிறுத்தி, தள்ளி நின்று பார்த்தால் உலகத்தில் எல்லாம் அதனதன் இடத்தில் இருப்பது போலத் தோன்றும். தங்கள் இளையோர் இசைக்குழுவுக்கு ஆறு வருடமாக இதைச் செய்து வருகிறேன். கமிட்டியின் கடிதங்களையும் நானே எழுதுகிறேன். என் கையெழுத்து பள்ளிக்கூடத்திலேயே பெயர் வாங்கியது.

இந்த வருடக் கச்சேரிகளில் நடந்தவை பற்றி விளக்கம் கேட்டுத் தாங்கள் அனுப்பிய சுற்றறிக்கை கிடைத்தது. அதை எழுதியதும் நான்தான் என்பதால் விஷயம் எனக்குப் புதிதல்ல. வரிசையாகவே சொல்கிறேன்.

என் மகள் கடைசி வரிசையில், கடைசி நாற்காலியில் வயலின் வாசிக்கிறாள். நான்கு வருடமாக அவள்தான் மாற்று ஆள். சோலோவாக, அதாவது முன்னால் தனித்து வாசிக்கும் பிள்ளை பாதியில் நின்றுவிட்டால் மாற்று ஆள் எழுந்து முன்னால் வந்து, தன் வாத்தியத்திலேயே மீதியை முடிக்க வேண்டும் என்பது நம் குழுவின் வழக்கம். அதற்காக அவள் எல்லா சோலோவையும் பாடம் செய்து வைத்திருப்பாள். நான்கு வருடத்தில் ஒரு பிள்ளைகூட நிற்கவில்லை. அடுத்த மாதம் அவளுக்குப் பதினெட்டு முடிகிறது. வயது வரம்பின்படி இதுவே அவளுக்குக் கடைசி வருடம். நான்கு கச்சேரிகள் மீதி இருந்தன. ஒரே ஒரு முறை அவள் முன்னால் வந்து நிற்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான்.

முதல் கச்சேரி டிரம்பெட். அதை ஊதுகிறவனுக்கு வாயில் எச்சில் ஊறக் கூடாது. முன் வரிசையில் அவனுக்கு நேர் எதிரே உட்கார்ந்து, எலுமிச்சம்பழங்களை ஒவ்வொன்றாக நறுக்கி மெதுவாகச் சப்பினேன். பையனுக்கு எச்சில் ஊறியது. இரண்டு முறை டிரம்பெட்டைக் கவிழ்த்து வடித்தான். மூன்றாவது முறை எதற்கோ பின்வரிசையைத் திரும்பிப் பார்த்தான். பிறகு கண்ணை இறுக மூடிக்கொண்டு கடைசி வரை ஊதித் தள்ளிவிட்டான். எவ்வளவு ஆழ்ந்து வாசிக்கிறான் என்று ஜனங்கள் எழுந்து நின்று கைதட்டினார்கள். எனக்கு நான்கு பழம் வீண்.

"என்னங்க, மசக்கையா?" என்று கேட்டாள் என் மனைவி. "எத்தனாவது மாசம்?"

மகள் சிரிக்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஏமாற்றம் என்று நினைத்தேன்.

இரண்டாவது செல்லோ, உட்கார்ந்து வாசிக்கும் பெரிய வயலின். அதன் அடியில் ஒரு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத் தரையில் ஊன்றித்தான் வாசிக்க வேண்டும். அந்த இடத்தில் தரை மெழுகை மூன்று பூச்சு பூசி, பழைய பனியனால் நன்றாகத் தேய்த்தேன். செய்கிற வேலையைத் திருத்தமாகச் செய்வது என் சுபாவம். செல்லோ வழுக்கிக்கொண்டே முன்னால் போயிற்று. பையன் வாசிப்பதை நிறுத்தாமல், நாற்காலியைப் பின்பக்கத்தோடு சேர்த்து இழுத்துக்கொண்டு அதன் பின்னாலேயே போனான். முதல் பகுதி முடிவதற்குள் குழுவை நடத்தும் மாஸ்டரைத் தாண்டி மேடை விளிம்புக்கே வந்துவிட்டான். மாஸ்டர் கைக்குச்சியை இடுக்கிக்கொண்டு அவன் சட்டைக் காலரைப் பிடித்திருந்தார். முதல் பகுதி முடிந்த இடைவெளியில் என் மகள் எழுந்து வந்தாள். நேரம் வந்துவிட்டது என்று நிமிர்ந்து உட்கார்ந்தேன். அவளோ தன் துப்பட்டாவால் செல்லோக் கம்பியை நாற்காலிக் காலோடு கட்டிவிட்டுத் திரும்பிப் போய்விட்டாள். மறுநாள் பத்திரிகையில், மேடை முழுவதையும் பயன்படுத்திய முதல் செல்லோ கலைஞன் என்று படத்தோடு வந்தது.

மூன்றாவது பியானோ. வாசித்தது குழுவிலேயே குட்டையான பெண். சுழல் முக்காலியின் திருகாணிக்கு எண்ணெய் போட்டு, பூட்டைத் தளர்த்தி வைத்தேன். ஓங்கி வாசிக்கும் ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் இறங்கினாள். நான் உட்கார்ந்திருந்த இடத்திலிருந்து முதலில் தோள் மறைந்தது, பிறகு கழுத்து. கடைசியில் பியானோவுக்கு மேலே ஒரு ரிப்பனும் இரண்டு கையும்தான் தெரிந்தன. அப்போதும் என் மகள்தான் வந்தாள். தன் நாற்காலியை அவளுக்குக் கொடுத்துவிட்டு, மீதி நேரம் முழுவதும் பின்னால் நின்றுகொண்டே வாசித்தாள். அது நான் அவளுக்கென்று பார்த்துப் பார்த்துப் போட்ட நாற்காலி.

பழி மேடைக்காரர் மேல் விழுந்தது. இருபத்திரண்டு வருடமாக அந்த அரங்கைப் பெருக்கித் துடைத்துப் பூட்டித் திறக்கிறவர். அவரை நிறுத்துவதற்கான கடிதத்தைத் தாங்கள் என்னிடம்தான் எழுதச் சொன்னீர்கள். எழுதினேன். "தங்கள் நீண்ட சேவையை நன்றியுடன் நினைவுகூரும் அதே வேளையில்" என்று தொடங்கும். மறுநாள் அவர் என் வீட்டுக்கு வந்தார்.

"சார், உங்க கை ராசியான கைன்னு சொல்றாங்க. எனக்காக நாலு வரி எழுதிக் குடுங்க. நான் அந்த முக்காலியத் தொடவே இல்ல சார்."

அவருக்காகவும் எழுதினேன். உருக்கமான கடிதம். ஆனால் முதல் கடிதம் அதைவிடத் திருத்தமாக அமைந்துவிட்டதால் கமிட்டியின் மனம் மாறவில்லை. இதில் நான் யாருக்கும் ஓரவஞ்சனை செய்யவில்லை என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

நான்காவது, வயலின். சோலோ வாசிக்க இருந்தது பதினொரு வயதுச் சிறுமி. சின்னக் குழந்தையைச் சறுக்கவிடவோ முக்காலியோடு இறக்கிவிடவோ எனக்கு மனம் வரவில்லை. எனவே கச்சேரி ஒரு நாள் தள்ளி வைக்கப்பட்டிருப்பதாக அவள் அம்மாவுக்குக் கமிட்டித் தாளில் ஒரு கடிதம் அனுப்பினேன். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லாத வழி. அன்றைக்குப் புதுச் சட்டை போட்டுக்கொண்டு முன் வரிசையில் உட்கார்ந்தேன்.

மேடைக் கதவு திறந்தது. அந்தச் சிறுமி வந்தாள். அவள் பின்னால் என் மகள், சிறுமியின் வயலின் பெட்டியைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க.

காலையில் ஒத்திகைக்குச் சீக்கிரம் வரச் சொல்ல என் மகள் போன் செய்திருக்கிறாள். "நாளைக்குத்தானே அக்கா?" என்றதாம் அந்தக் குழந்தை. இவள் சைக்கிளை மிதித்துக்கொண்டு போய்க் கடிதத்தை வாங்கிப் பார்த்திருக்கிறாள். தேதிக்குக் கீழே சிவப்பு மையில் இரண்டு கோடு. ஊரில் என்னைத் தவிர யாரும் அப்படிப் போடுவதில்லை.

கச்சேரியின் நடுவில் சிறுமி மறந்துபோனாள். வில் அப்படியே நின்றது. நான் பாதி எழுந்துவிட்டேன். கடைசி நாற்காலியிலிருந்து, உட்கார்ந்தபடியே, யாருக்கும் முகம் தெரியாமல், என் மகள் இரண்டே வரி வாசித்தாள். குழந்தை அதைப் பிடித்துக்கொண்டாள். இவள் நிறுத்திவிட்டாள். தொடர்ந்திருக்கலாம். வழக்கப்படி அது இவளுடைய உரிமை.

மறுநாள் மதியம் சாப்பிடும்போது பேச்சு வந்தது.

"நீங்க எலுமிச்சங்காயைக் கண்டாலே ஓடுறவரு. அன்னைக்கே தெரியும்பா. கண்ண மூடிக்கிட்டு ஊதுன்னு நான்தான் அவனுக்குச் சைகை காட்டினேன்."

"தெரிஞ்சும் ஏம்மா எந்திரிக்கல?"

"அதான் நாலு தடவையும் வாசிச்சேனே."

"எங்க வாசிச்ச? ஒருத்தருக்கும் தெரியலையே."

"தெரியக் கூடாதுப்பா. தெரிஞ்சா அவங்க தடுமாறினது தெரிஞ்சிரும். எனக்கு அந்த சீட்டுதான் புடிச்சிருக்கு. அங்க உக்காந்தா எல்லாரோட சோலோவும் என்கிட்ட இருக்கும்." பிறகு தட்டைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: "மேடைக்காரரை வேலையில சேக்கச் சொல்லி எழுதுங்க. உங்க பேரைப் போட்டு. அதுவரைக்கும் உங்களோட பேச மாட்டேன்."

அதன்படி எழுதுகிறேன். எலுமிச்சை, மெழுகு, முக்காலி, கடிதம் நான்கும் நான்தான். மேடைக்காரருக்கு இதில் ஒரு சம்பந்தமும் இல்லை. அவரைத் திரும்ப அழைத்துக்கொள்ளவும்.

இதை எழுதும்போது மகள் பின்னால் நின்று படித்துக்கொண்டிருந்தாள். இந்த இடம் வந்ததும் திருப்தியோடு கடைக்குப் போய்விட்டாள். கூச்ச சுபாவமுள்ள பெண். ஆசையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாள். தகப்பன்தான் புரிந்துகொள்ள வேண்டும். ஆகவே வயது வரம்பைப் பத்தொன்பதாக உயர்த்துவதற்கான தீர்மானத்தின் வரைவை இத்துடன் இணைத்திருக்கிறேன். அடுத்த வருடத்துக்கும் நான்கு கச்சேரித் தேதிகளைக் குறித்து, வழக்கம்போலச் சிவப்பு மையில் கோடிட்டிருக்கிறேன். நாற்காலிகளைப் பற்றித் தாங்கள் கவலைப்பட வேண்டாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மாற்று ஆளின் தகப்பன்