வைரத்துக்கு அடுத்த கடினம்

டீ நன்றாக இருக்கிறது, ஐயா. உட்கார்ந்து குடிக்கத்தான் முடியவில்லை. கொஞ்ச நாளாக எங்குமே உட்கார முடிவதில்லை. நடந்துகொண்டே சொல்கிறேன்.

முதலில் எங்கள் ஆபரேட்டர் செந்தில்குமாரை விட்டுவிடுங்கள். காற்றை உறிஞ்சும் பம்பை அவன் தவறுதலாகப் போட்டுவிட்டான் என்று எஃப்.ஐ.ஆரில் எழுதியிருக்கிறீர்கள். அந்த நேரத்தில் அவன் ஆம்பூர் கடைத்தெருவில் எனக்குப் பிரியாணி வாங்கிக்கொண்டிருந்தான். தவறான தகவல் பதிவாவதை என்னால் பொறுக்க முடியாது.

தோலை இரண்டாகப் பிளக்கும் மெஷின் பிளேடுகளுக்கு நாங்கள் போரான் நைட்ரைடு பூசுகிறோம். விசித்திரமான பொருள். அதன் அணுக்கள் அடுக்கடுக்காக அமைந்தால் பென்சில் கரியைப் போல வழுக்கும். அதே அணுக்கள் கனசதுரமாக, அதாவது கியூபிக்காக, நெருங்கிக் கட்டுண்டால் வைரத்துக்கு அடுத்த கடினம். ஆனால் கனசதுரப் படலத்தை அயனிகளால் அடித்து அடித்துத்தான் வளர்க்க வேண்டும். அடிபட்டு வளர்ந்தது உள்ளுக்குள் இறுகியே இருக்கும். சற்றுத் தடித்தாலும் எஃகை விட்டு உரிந்துவிடும்.

எங்களுடையதும் உரிந்தது. தோல் பதனிடும் டேனரி முதலாளி அப்துல் வஹீத் பாய் என் பேச்சை நம்பி எல்லா மெஷினுக்கும் பிளேடு கேட்டிருந்தார். அதனால் அயனிகளின் அடியைக் குறைத்தேன். படலம் உரியவில்லை. மென்மையாக இருந்தது, அவ்வளவுதான். பழைய நல்ல மாதிரியின் சோதனை முடிவையே இதனுடையது என்று அவரிடம் காட்டினேன்.

ஜாஸ்மின் கண்டுபிடித்துவிட்டாள். நான் வேலைக்கு எடுத்த பெண். அவள் அம்மா சவுரியம்மாள் ஷூ கம்பெனியில் மேல்தோல் தைப்பவர். ஜாஸ்மின் வேலை தெரிந்தவள், குரலை உயர்த்தவே மாட்டாள். அன்று, காற்றை வெளியேற்றிவிட்டுப் பூச்சுப் போடும் சேம்பருக்குள் குனிந்து உட்கார்ந்து, சுவரில் படிந்ததைச் சுரண்டிக்கொண்டே சொன்னாள்.

"சார், இது கியூபிக்கே இல்ல. பிளேடு மழுங்கி தோல் சிக்குது. நேத்து டேனரியில ஒரு அண்ணன் கை மெஷின் உள்ள போகப் பார்த்துச்சாம்."

"ஒரு வாரம் பொறும்மா. சரி பண்ணிட்றேன்."

"பொறுத்தா இன்னா சார் மாறும்? மெஷின் ஓடிக்கிட்டுத்தானே இருக்கு. நீங்க சொல்லலைன்னா, சாயங்காலம் நானே போய் பாய்கிட்ட சொல்லிட்றேன்."

நியாயமான பேச்சு. எனக்குக் கோபமே வரவில்லை. அப்போதுதான் செந்தில்குமாரைக் கடைக்கு அனுப்பினேன். பிறகு சேம்பர் கதவைச் சாத்தினேன். கதவு திறந்திருக்கிறதா என்று பார்க்கும் சென்சாரை நான் முன்பே எடுத்து வைத்திருந்தேன். அடிக்கடி வேலையை நிறுத்திப் பேஜார் பண்ணும். பம்பைப் போட்டேன்.

அவளைத் துன்புறுத்த நினைக்கவில்லை, ஐயா. அந்தப் பேச்சு வெளியே போகக் கூடாது, அவ்வளவுதான். சேம்பருக்குள் பார்ப்பதற்கு ஒரு கண்ணாடி ஜன்னல் உண்டு. நான் பார்க்கவில்லை. வராந்தாவில் நடந்தேன். தண்ணீர் குடித்தேன். வண்டியைத் துடைத்தேன். திரும்பவும் நடந்தேன்.

அவள் அடக்கத்துக்குப் போனேன். பெட்டிக்குத் தோள் கொடுத்தேன். சவுரியம்மாள் என் கைகளைப் பிடித்துக்கொண்டு, "என் பொண்ணுக்கு நீங்கதான் சார் எல்லாம்" என்று அழுதார். அன்றிலிருந்துதான் இந்தக் கால்கள் நிற்பதில்லை.

எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். நான் அவளை உள்ளே வைத்துப் பூட்டினேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அந்தக் கதவுக்குப் பூட்டே கிடையாது, ஐயா. உள்ளே காற்றுக் குறையக் குறைய, வெளிக்காற்றுதான் அதை அழுத்திப் பிடித்துக்கொண்டது.