தை மாதத்து வெளிச்சம்

வெளிச்சத்தைப் பற்றி எழுதும்போது ‘அழகான வெளிச்சம்’ என்று மட்டும் எழுதவே கூடாது. அது சாப்பாட்டுக் கடையில் போய் ‘நல்லதா ஏதாவது கொடு’ என்று கேட்பது மாதிரி. அவன் மீந்ததைக் கொண்டுவந்து வைப்பான். படம் வரைந்து தரும் ஏ.ஐ.யும் அப்படித்தான், இன்ஸ்பெக்டர் மேடம். அழகான வெளிச்சம் என்று கேட்டால் கல்யாண மண்டபத்து வாசல் பேனர் மாதிரி ஒன்றைப் போட்டுக் கொடுத்துவிடும். வெளிச்சம் எங்கிருந்து வருகிறது, எதன் வழியாக வருகிறது, எதில் பட்டுத் திரும்புகிறது என்று சொல்ல வேண்டும். கடைசியில் சொன்னதைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள்.

நடந்ததை என் கையாலேயே எழுதித் தரச் சொன்னீர்கள். அதனால்தான் தொழிலிலிருந்து தொடங்குகிறேன். என் பெயர் சின்னராஜ். ஏற்காடு ஏரிக்குப் பக்கத்தில் ஸ்டூடியோ வைத்திருக்கிறேன். இப்போது கேமராவைத் தூக்குவதைவிட, ஏ.ஐ.க்கு வாசகம் எழுதிப் படம் செய்வதுதான் அதிகம். பூச்சு வேலைகூட முடியாத ரிசார்ட் அறைகளுக்கு, ஜன்னல் வழியே பனி வடிகட்டிய காலை வெளிச்சம் என்று எழுதிப் படம் கொடுத்திருக்கிறேன். அதைப் பார்த்து ஜனங்கள் பணம் கட்டி வந்தார்கள். வந்து சண்டை போட்டவர்கள்கூட அறையைத்தான் குறை சொன்னார்கள், படத்தை இல்லை. கண்ணால் காண்பதும் பொய் என்று பெரியவர்கள் சொல்லிவைத்தார்கள். போனில் காண்பதைப் பற்றி அவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

தலைச்சோலை அங்கப்பன் எனக்கு மாமா, என் அம்மாவுக்கு அண்ணன் முறை. நல்ல உழைப்பாளி. கோபம் மட்டும் கொஞ்சம் அதிகம். கோழி பிடித்துத் தின்றது என்று சொந்த நாயையே பாதையோரக் கிணற்றில் போட்டவர். போட்டுவிட்டு இரண்டு நாள் சாப்பிடவில்லை. அவருடைய ஒரே மகள் வெண்ணிலா. எஸ்டேட் ஆபீசில் கணக்கெழுதும் ரைட்டர் லூர்துராஜுக்குக் கீழே வேலை பார்த்தாள். லூர்துராஜ் பெண்டாட்டி பிள்ளைகளோடு இருக்கிற, தன் வேலை உண்டு தான் உண்டு என்கிற மனிதர். அவர்மேல் எனக்கு எந்த வருத்தமும் இல்லை, இன்றைக்கும் இல்லை.

போன தை மாதம் மாமா ஊட்டுக்குப் போயிருந்தேன். களம் நிறைய, தோல் நீக்கிய காப்பிக் கொட்டை காய்ந்துகொண்டிருந்தது. வெண்ணிலா பலகையால் கிளறிக்கொண்டிருந்தாள். பனி அப்போதுதான் விலகியிருந்தது. காயும் கொட்டை பார்க்க இளமஞ்சளாக இருக்கும், உங்களுக்குத் தெரியும். வெயில் அதில் பட்டு எழும்பி அவள் தாடைக்குக் கீழே நின்றது. அவளுக்குத் தெரியாமல் ஒரு படம் எடுத்துக்கொண்டேன். பிறகு பக்கத்தில் போய், உன் அப்பாவிடம் நம் கல்யாண விஷயத்தைப் பேசட்டுமா என்று கேட்டேன். அவள் கிளறுவதை நிறுத்தாமல், “அப்படியெல்லாம் பேசாதீங்கண்ணா” என்றாள். நான் அதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. சின்னப் பெண், வாய்க்கு வந்ததைச் சொல்கிறாள் என்று விட்டுவிட்டேன்.

சித்திரையில் அவளுக்கு நிச்சயமானது. மாப்பிள்ளை முருகன், அடிவாரத்தில் ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். நிச்சயத்துக்கு நான்தான் படம் எடுத்தேன். சொந்தத்தில் காசு வாங்குவதில்லை. அன்றைக்கென்று எடுத்த பச்சைச் சேலை கட்டியிருந்தாள். வைகாசியில் சேர்வராயன் கோயில் திருவிழா முடிந்ததும் கல்யாணம் என்று பேசினார்கள்.

எனக்கு அந்தச் சம்பந்தம் பிடிக்கவில்லை. அவளுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறேன். அடிவாரத்து வெயில் உச்சியிலிருந்து நேராக இறங்கும். கண்ணைக் குழியாக்கும், மூக்குக்குக் கீழே மீசை மாதிரி நிழல் போடும். அந்த முகத்துக்கு அது ஆகாது. மலையிலேயே இருக்க வேண்டிய முகம். கல்யாணம் நின்றால் போதும் என்று நினைத்தேன். வேறு எதையும் நான் நினைக்கவில்லை.

அதனால் வைகாசி பிறந்ததும் ஒரு படம் செய்தேன். எஸ்டேட் குடோனுக்குப் பின்னால் வெண்ணிலா பச்சைச் சேலையில் நிற்கிறாள். லூர்துராஜ் அவள் தோளை அணைத்திருக்கிறார். இரண்டு பேர் முகப் படமும் என்னிடம் இருந்தது. முதலில் வந்தவை எதுவும் உதவவில்லை. சினிமா போஸ்டர் மாதிரி தங்க வெயில் கொட்டியது. எங்கள் மலையில் அப்படி வெயில் கொட்டினால் யாரும் நம்ப மாட்டார்கள். ‘சில்வர் ஓக் இலைகளின் வழியே சலித்து இறங்கும் வெளிச்சம், காற்றில் மெல்லிய பனி, நிழல்களுக்கு ஓரம் இல்லை’ என்று எழுதினேன். இடம் சரியாகிவிட்டது. ஆனால் அவள் முகம் மட்டும் வெட்டி ஒட்டினது போலவே இருந்தது. எங்கே பிசகு என்று நெடுநேரம் பார்த்தேன். மேலிருந்து வருகிற வெளிச்சத்தை எழுதியிருந்தேனே தவிர, கீழிருந்து திரும்புவதை எழுதவில்லை. ‘தாடைக்கு அடியில், தரையிலிருந்து எழும் இளமஞ்சள்’ என்று ஒரு வரி சேர்த்தேன். முகத்துக்கு உயிர் வந்துவிட்டது. உண்மையைச் சொன்னால், அன்றைக்கு எனக்குச் சந்தோஷமாக இருந்தது. நான் செய்ததிலேயே நல்ல படம் அது.

யாருக்கும் தெரியாத நம்பரிலிருந்து அதைச் சொந்தக்காரர்கள் வாட்ஸப் குழுவில் போட்டேன். அதன்பிறகு நான் ஒன்றுமே செய்ய வேண்டியிருக்கவில்லை. முருகன் ஊட்டில் கல்யாணத்தை நிறுத்தினார்கள். நான் நினைத்தது நடந்துவிட்டது. அதோடு முடிந்திருக்க வேண்டியது.

மறுநாள் மத்தியானம் மாமாவும் அத்தை கண்ணாயியும் வெண்ணிலாவும் ஸ்டூடியோவுக்கு வந்தார்கள். அந்தப் படத்தைச் செய்தவனிடமே படத்தைக் காட்ட வந்தார்கள் என்று நீங்கள் நினைக்கலாம். வேறு எங்கே போவார்கள்? மலையில் படம் தெரிந்தவன் நான் ஒருவன்தான். எஸ்டேட்டில் லூர்துராஜைக் கேட்டிருக்கிறார்கள். சிலுவை போட்டு மறுத்திருக்கிறார். அவர் வேறென்ன சொல்வார் என்று மாமா காதில் போட்டுக்கொள்ளவில்லை.

மாமா உட்காரவில்லை. போனை என் கையில் கொடுத்தார். “மாப்ள, ஊரே பேசுது. நீ பாத்துச் சொல்லு சாமி. இது பொய்ப்படம்னு நீ ஒரு வார்த்தை சொன்னீன்னா, எவன் பேச்சையும் நான் கேக்க மாட்டேன். எம்பொண்ணு கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போயிருவேன்.”

அத்தை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். வெண்ணிலா அழவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பயந்த முகமாகத் தெரியவில்லை. சரியான இடத்துக்கு வந்துவிட்டோம் என்கிற நிம்மதிதான் தெரிந்தது. “அண்ணா, நீங்களே சொல்லுங்கண்ணா,” என்றாள். “உங்களுக்குத் தெரியாதுங்களா, இது நானில்லீன்னு.”

நான் அவசரப்படவில்லை. படத்தைப் பெரிய திரையில் போட்டேன். விரல்களைக் காட்டினேன், நிழலைக் காட்டினேன். ஒட்டுவேலையாக இருந்தால் ஆளுக்கொரு வெளிச்சம் விழுந்திருக்கும், இதில் இரண்டு பேர்மேலும் ஒரே வெளிச்சம் விழுகிறது என்று மாமாவுக்குப் புரிகிற மாதிரி விளக்கினேன். அவர் தலையை ஆட்டிக்கொண்டே வந்தார். கடைசியில், “ஒட்டுனது இல்லீங்க மாமா. வெளிச்சம் பொய் சொல்லாது” என்றேன். ஒட்டினது இல்லை என்பது உண்மைதான். அதில் ஒட்டுவேலை எதுவும் கிடையாது.

மாமா எனக்கு நன்றி சொன்னார். அத்தையைப் பஸ்ஸில் அனுப்பிவிட்டு, மகளைக் கூட்டிக்கொண்டு நடந்தே போகப்போவதாகச் சொன்னார். தலைச்சோலைக்கு நடந்து போகிற வழியில் அந்தக் கிணறு இருக்கிறது. பாதையில் அவர்கள் திரும்புகிறவரை கடை வாசலில் நின்று பார்த்தேன். இரண்டு அதட்டு அதட்டுவார், அதற்கு மேல் என்ன செய்துவிடப் போகிறார் என்று நினைத்துக்கொண்டேன். நாயின் ஞாபகம் வந்தது, வரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் கடையில் ஆட்கள் காத்திருந்தார்கள்.

மாமா மட்டும்தான் ஊடு வந்து சேர்ந்தார்.

அங்கிருந்து அவர் நேராக உங்கள் ஸ்டேஷனுக்கு வந்து நின்றது உங்களுக்குத் தெரியும். இப்போது சேலம் சிறையில் இருக்கிறார். அத்தை யாரிடமும் பேசுவதில்லை என்கிறார்கள். லூர்துராஜ் வேலையை விட்டுவிட்டு மலையிறங்கிப் போய்விட்டார். சாவு வீட்டுக்கு நான் போயிருந்தேன். மாலைக்கு நடுவில் வைக்க நல்ல படம் வேண்டும் என்று கேட்டார்கள். நான்தான் பிரேம் போட்டுக் கொடுத்தேன்.

நீங்கள் ஸ்டூடியோவுக்கு வந்தபோது நான் பயப்படவில்லை. அந்த நம்பரைப் பற்றிக் கேட்பீர்கள் என்று எதிர்பார்த்தேன். நீங்கள் படத்தைத் திரையில் போடச் சொன்னீர்கள். “இந்தச் சேலை நிச்சயத்துக்குன்னு சித்திரையில எடுத்ததுங்க,” என்றீர்கள். “குடோனுக்குப் பின்னாடி தரை பூரா கருப்புச் சருகு. தாடைக்குக் கீழ இந்த மஞ்சள் எங்கிருந்துங்க வருது? இது கொட்டை காயப்போடற களத்து வெளிச்சம். தை மாசத்துல மட்டும் வர்றது.” உங்கள் அப்பாவுக்கும் காப்பித் தோட்டம் உண்டு என்பது எனக்குத் தெரியாமல் போய்விட்டது. பிறகு என் போனை வாங்கி, களத்தில் நான் எடுத்த படத்தைக் கண்டுபிடித்து, இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தீர்கள்.

அதற்கு மேல் மறுக்க என்ன இருக்கிறது? படத்தைச் செய்தவன் நான். நிஜம் என்று சாட்சி சொன்னவனும் நான். என் பிழை என்று பார்த்தால் அந்த மஞ்சள் ஒன்றுதான். வைகாசிக்கு வைகாசி வெளிச்சத்தை எழுதியிருக்க வேண்டும். ஆனால் அவள் முகத்தை நினைத்தாலே எனக்கு அந்த வெளிச்சத்தில்தான் வருகிறது, வேறு வெளிச்சம் எழுத வரவில்லை.

அவள்மேல் கோபமா என்று கேட்டீர்கள். இல்லை என்று சொன்னேன், இப்போதும் அதையேதான் எழுதுகிறேன். கோபம் இருந்தால் அத்தனை பாடுபட்டு அவளை அவ்வளவு அழகாகச் செய்திருப்பேனா? அன்றைக்கு அவள் என் முகத்தைப் பார்த்து நின்றபோது, பொய்ப்படம் என்று சொல்லிவிடத்தான் வாயெடுத்தேன். அவள் எனக்கு மாமன் மகள், நான் அவளுக்கு அத்தை மகன். உயிர் போகிற அந்த நேரத்திலாவது முறைப்படி ‘மாமா’ என்று கூப்பிட்டிருந்தால், சொல்லியிருப்பேன்.