ஒரு வாஷர் கனம்

நகக்கண்ணில் இருக்கும் இந்தக் கறுப்பு சோப்புக்குப் போகாது, ஐயா. உங்கள் மேசையில் ஒட்டாது, பயப்படாதீர்கள்.

முப்பது வருடமாக கார் மெக்கானிக். ஸ்பார்க் பிளக் முனையில் எவ்வளவு இடைவெளி விட வேண்டும் என்று புத்தகத்தில் போட்டிருக்கும். நான் கேஜ் தகட்டை நுழைத்து, ஒன்றுக்கு மூன்று தடவை அளந்துதான் மாட்டுவேன். என் தங்கையின் கணவன் அளக்கவே மாட்டான். நகத்தால் ஒரு தட்டு, கண்ணை இடுக்கி ஒரு பார்வை, அவ்வளவுதான். அவன் சாப்பிடப் போனதும் கழற்றி அளப்பேன். ஒருநாளாவது மயிரிழை பிசகியிருக்கக் கூடாதா? வயிறு எரியும்.

பட்டறை அப்பாவுடையது. "மாப்ள கை வெச்சா எஞ்சின் வாயத் தொறந்து பேசும்டா. நீ தகட்ட வெச்சு நோண்டிக்கிட்டே இரு" என்பார். எல்லாரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். அவன் பார்த்த வண்டி ட்ரையலுக்குக் கிளம்பினால் அப்பா முன்சீட்டில் ஏறிக்கொள்வார். என் வண்டியில் ஒருநாளும் ஏறியதில்லை.

போன மாதம் பெயர்ப்பலகை மாற்றினார்கள். பழையதில் 'மற்றும் மகன்' என்று இருந்தது. 'மற்றும் மருமகன்' என்று எழுதச் சொன்னார். "ரெண்டெழுத்துதானப்பா கூடுது" என்று பெயிண்டரிடம் ஜோக் வேறு. "மச்சான் பேரும் இருக்கட்டும் மாமா" என்றான் அவன். அந்தத் தயவைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

எஞ்சினுக்குள் சுற்றும் பல்சக்கரத்தை ஒரு சென்சார் பார்த்துக்கொண்டிருக்கும். நடுவில் ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. சென்சார் அடியில் ஒரு வாஷர் போட்டால் அது கூடிவிடும். பிளக் கெட்டால் வண்டி இருமும், செருமும். சென்சார் அப்படியில்லை. சூடேறியதும் சொல்லாமல் கொள்ளாமல் எஞ்சினை நிறுத்திவிடும். முதலில் என் காரில் போட்டுப் பார்த்தேன். ஸ்டார்ட்டே ஆகவில்லை. வாஷரை அரத்தில் தேய்த்தேன். நான்காம் தடவை, கிளம்பிய பதினெட்டாம் நிமிடம் நின்றது. பதினெட்டாம் நிமிடத்தில் எங்கள் ட்ரையல் வண்டிகள் பாலத்து இறக்கத்தில், லாரிகளுக்கு நடுவில் இருக்கும்.

அன்று என் காரைப் போலவே ஒரு கார் அவனிடம் வந்தது. வேலையை முடித்துவிட்டுக் கை கழுவப் போனான். நான் வாஷரைப் போட்டேன். கிளம்புமுன் ஒரு தடவை அளந்திருந்தால் கண்டுபிடித்திருப்பான். அவன்தான் அளக்க மாட்டானே.

நடுரோட்டில் அவன் மானம் போக வேண்டும், அப்பா தலையில் அடித்துக்கொள்ள வேண்டும். என் எண்ணம் அதோடு சரி. இரண்டு பேரும் செத்தது என் கணக்கில் வராது, ஐயா. பின்னால் வந்த லாரிக்காரன் தள்ளி வந்திருக்க வேண்டும். நீங்கள் எடுத்து வைத்திருக்கும் வாஷரை வேண்டுமானால் அளந்து பாருங்கள். ஓரம்கூடச் சீராக இருக்கும்.

தங்கச்சியும் அன்று பின்சீட்டில் ஏறிவிட்டாள், கடைத்தெருவில் இறங்கிக்கொள்வதாக. "வெயில்ல ஏன் அலையுற, சாயங்காலம் நான் கூட்டிட்டுப் போறேன்" என்று கையைப் பிடித்து இறக்கினேன். அப்பா முன்சீட்டில் உட்கார்ந்திருந்தார். அவர் பக்கத்துக் கதவு சரியாகச் சாத்தியிருக்கிறதா என்று இழுத்துப் பார்த்துவிட்டு, "போய்ட்டு வாங்கப்பா" என்றேன்.