கேட்பதும் பேச்சுதான்

மேடையில் அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, சட்டத்தரணிகளே, ஆசிரியர்களே, ஆட்கள் வராத பின்வரிசைக் கதிரைகளே! அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம்.

என் பெயர் றுமைஸா, பதினோராம் தர மாணவி. என் ஸலாமுக்கு நீங்கள் பதில் சொன்னீர்கள். இதே ஸலாமைக் கடைவாசலில் சொல்லிக் கை நீட்டியதற்காகச் சித்தி மரியம் என்ற தாயைக் கூண்டில் ஏற்றினார்கள். பொது இடத்தில் யாசிப்பது குற்றமாம்! அன்று அவருக்காக எழுந்து நின்றவர்தான், இன்று நாம் கூடி நினைவுகூரும் மர்ஹூம் சட்டத்தரணி செய்னுலாப்தீன் அவர்கள்.

குடியியல் பாடத்துக்காக நீதிமன்றம் பார்க்கப் போன எங்கள் வகுப்பு அன்று கடைசி வாங்கில் அமர்ந்திருந்தது. "இவர் ஸலாம் மட்டுமே சொன்னார். வெள்ளிக்கிழமை என்பதால் கடைக்காரர் தாமாகவே கொடுத்தார்" என்று சட்டத்தரணி வாதாடினார். வழக்கு வெல்லும் போலிருந்தது. அப்போது கூண்டிலிருந்து ஒரு குரல்.

"இல்ல ஐயா, வாய்விட்டுத்தான் கேட்டேன். பசிச்சிச்சி. நீங்க ஏன் எனக்காகப் பொய் சொல்றீங்க?"

நீதிமன்றமே சிரித்தது. அவர் சிரித்தாரா? இல்லை! தலைகுனிந்து நின்றார். பிறகு நிமிர்ந்தார். "ஓம், கேட்டார். வாக்குக் கேட்கலாம், நன்கொடை கேட்கலாம். பசித்தவர் பசி என்று சொல்லக் கூடாதா? அரசியலமைப்பு தரும் பேச்சுரிமை இவருக்கு இல்லையா? கேட்பதும் பேச்சுதான், கனம் நீதவான் அவர்களே!"

சித்தி மரியத்தை எச்சரித்து விடுவித்தார்கள். சட்டம் மட்டும் அப்படியே இருந்தது.

வெளியே வந்ததும் ஒருவர் சட்டத்தரணியைக் கேலியாகக் கேட்டார்: "என்ன பிச்சைக்கார அப்புக்காத்து, இனி எந்தக் கடைவாசல்ல ஒங்கட ஒபிஸ்?"

அதன்பின் அவரைத் தனியாகவே கண்டேன். தேநீர்க் கடையில் தனியாக. பஸ்ஸில் தனியாக. சட்டத்தை மாற்றக் கையெழுத்துக் கேட்டு, மாம்புரியில், நுரைச்சோலையில், வாசல் வாசலாகத் தனியாக. எங்கள் வீட்டுக்கும் வந்தார். வாப்பா கதவைத் திறக்கவில்லை. மதிலுக்கு அப்பால் நின்று அவர் என்னிடம் சொன்னார்: "கேக்கிறது எவ்வளவு கஷ்டமெண்டு இப்பத்தான் விளங்குது மகள்."

அன்பர்களே, வாசலைப் பாருங்கள்! 'யாசகருக்கு அனுமதி இல்லை' என்ற பலகைக்கு அப்பால் நிற்பவர்தான் சித்தி மரியம். காவலாளி மறித்துவிட்டார். இன்று அவர் எதுவும் கேட்க வரவில்லையே! அவரும் ஒருவரை இழந்துதானே வந்திருக்கிறார்?

அன்னாரின் பணியைத் தொடர்வோம் என்று எனக்கு முன் பேசியவர்கள் எல்லோரும் உறுதி எடுத்தீர்கள். நானும் எடுக்கிறேன். தலைவர் அவர்களே, எனக்குத் தந்த நேரத்தில் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. அதைச் சித்தி மரியத்துக்குத் தாருங்கள் என்று கேட்கிறேன். அவரை அழைத்துவர இதோ போகிறேன். நான் திரும்பி வரும்வரை இந்த ஒலிவாங்கியை யாரும் அணைக்க வேண்டாம்.