மைக்குலதான் கோளாறு

...அதான் சொல்றேன் தம்பி, மைக்குலதான் கோளாறு. போன வாரம் அந்தப் பக்கம் என் பொண்ணு வாய் அசையுது, இந்தப் பக்கம் நான் 'கேக்குதா, கேக்குதா'ன்னு தொண்டை கிழியக் கத்துறேன். ஊஹூம்! ஒரு வார்த்தை போகலையே அவளுக்கு! மேஜைக்கு அடியில என்ன தேடுறீங்க, ஒயரா? தேடுங்க, தேடுங்க. அதோ, கண்ணாடிக்கு அந்தாண்ட உக்காந்திருக்காங்களே மேடம், அவங்ககிட்ட சொன்னா சிரிக்கிறாங்க. நான்தான் சண்டை போட்டு மைக்கு ரிப்பேருக்கு உங்களை வரவழைச்சேன்.

இது என்ன ஆபீஸ்னு தெரியுமா உங்களுக்கு? தெரியாதா? சரியாப் போச்சு. புருஷன் பொண்டாட்டி சண்டையில ஒருத்தர் பிள்ளையைக் கூட்டிக்கிட்டு வேற நாட்டுக்குப் போயிட்டா, மிச்சம் இருக்கிற ஆளுக்கு ஒத்தாசை பண்ற இடம். மிச்சம் இருக்கிற ஆளு நான்தான். 'லீவுக்கு வெளிநாட்டுல இருக்கிற அக்கா வீட்டுக்குப் போயிட்டு வர்றேன்'னு பாப்பாவையும் கூட்டிக்கிட்டுக் கிளம்பினா என் சம்சாரம். போனவ போனவதான். வக்கீல் பிடிச்சுக் குடுத்தது, அந்த நாட்டுக் கோர்ட்டுல பேச வெச்சது, எல்லாம் இந்த மேடம்தான். அதுல குறை சொன்னா என் நாக்கு அழுகிடும். வாரா வாரம் கம்ப்யூட்டர்ல பாப்பாவைக் காட்டுறதும் அவங்கதான். ஆனா காட்டினா மட்டும் போதுமா? மைக்கு வேணாமா?

இதுல ஆயிரத்தெட்டு சட்டம் வேற! 'அம்மாவைப் பத்திப் பேசாதீங்க. எப்ப வருவன்னு கேக்காதீங்க. அழாதீங்க.' மூச்சாவது விடலாமா மேடம்னு கேட்டேன். 'தாராளமா விடுங்க சார், அப்பத்தான் நடுவுல குழந்தை பேசும்'ங்கிறாங்க. நக்கலைப் பாத்தீங்களா!

நான் டிரைவிங் ஸ்கூல் வாத்தியார் தம்பி. வாய்தான் எனக்குச் சோறு போடுது. கிளட்ச்சை மிதி, கண்ணாடியைப் பாரு, பிரேக்கு பிரேக்கு பிரேக்கு... சொல்லிக்கிட்டே இருந்தாத்தான் வண்டி ரோட்டுல போகும். ஒரு தடவை தும்மல் வந்து கொஞ்சம் நிறுத்தினேன். ஒரு அம்மா நேரா டெய்லர் கடைக்குள்ள விட்டுட்டாங்க! வீட்டுலயும் அப்படித்தான். சம்சாரம் பால் காய்ச்சினா, தீயைக் குறை, தள்ளி நில்லு, இப்ப இறக்குன்னு பக்கத்துலயே நின்னு சொல்லுவேன். நல்லதுக்குத்தானே சொல்றோம்? அதுக்குப் போய் மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்குவா.

சரி, அதை விடுங்க. விஷயம் என்னன்னா, நாளைக்கு அந்த ஊரு ஜட்ஜம்மா பாப்பாவையே கூப்பிட்டுக் கேக்கப் போறாங்க. 'லீவு விட்டா அப்பாகிட்ட போறியா கண்ணு'ன்னு. அவ மட்டும் மாட்டேன்னு தலையாட்டிட்டா, அவ்வளவுதான், என் கதை முடிஞ்சுது. அதுக்கு முன்னாடி நான் பேசுறது இன்னிக்கு ஒரு நாள்தான். இன்னிக்குப் பாத்து இந்த மைக்கு மக்கர் பண்ணினா எப்படி இருக்கும்?

என்னது? மைக்கு நல்லாத்தான் இருக்கா? நல்லாப் பாத்துச் சொல்லுங்க! ஓ... மேடம் ரூம்ல ஸ்விட்ச்சு இருக்கா? அங்க அணைச்சு வெச்சிருக்காங்களா? அடப்பாவமே! மேடம்! மேடம், கொஞ்சம் இங்க வாங்க! என்ன மேடம் இது, பெத்தவனைப் போய் ஊமையாக்கிட்டு... போன வாரமே சொன்னீங்களா? எங்க சொன்னீங்க? சொல்ல ஆரம்பிச்சீங்க, நான் விடலையா? சரி, இப்ப சொல்லுங்க. யாரு அணைக்கச் சொன்னது?

பாப்பாவா?

கேட்டீங்களா தம்பி. அவளுக்குப் பல்லு விழுந்துருச்சாம். போன வாரத்துக்கு முந்தின வாரமே அதை என்கிட்ட காட்டணும்னு வாயைத் திறந்து திறந்து பாத்திருக்கா. நான் எங்க விட்டேன்! நிமிந்து உக்காரு, லைட்டு மூஞ்சில படட்டும், கேமராவைப் பாரு... 'அப்பா சத்தத்தைக் கொஞ்சம் நிறுத்தி வைங்க ஆன்ட்டி, நான் கை தூக்கினா விடுங்க'ன்னு போன வாரம் நான் வந்து உக்கார்றதுக்கு முன்னாடியே மேடம்கிட்ட ரகசியமாச் சொல்லியிருக்கா. பெத்த பொண்ணு கை தூக்கினாத்தான் அப்பன் பேசணுமாம்! ரொம்ப வலிக்குது தம்பி. இருந்தாலும் பாருங்க, 'அப்பா வேணாம்'னு சொல்லலையே. 'நிறுத்தி வைங்க'ன்னுதானே சொல்லியிருக்கா?

அய்யோ, கம்ப்யூட்டர்ல மணி அடிக்குது. வந்துட்டா! தம்பி, போயிடாதீங்க, இப்படி ஓரமா நில்லுங்க. என்னைப் பிடிச்சுக்க ஒரு ஆள் வேணும். நம்ம சத்தம் அங்க போகாதில்ல? சரி சரி. பாருங்க, பாருங்க, வாயைப் பிளந்து காட்டுறா! அழகு! ஸ்கூல்ல ஆப்பிளைக் கடிச்சாளாம்... பல்லு அதுலயே நின்னுருச்சாம்... கையில எடுத்தா நழுவி அலமாரிக்கு அடியில உருண்டுருச்சாம்... டீச்சரும் தரையில படுத்துத் தேடினாங்களாம்... யப்பா, மூச்சு விடுறாளா பாருங்க! என்னையே உரிச்சு வெச்சிருக்கு. வர்ற வழியெல்லாம் நான் எவ்வளவு ஒத்திகை பாத்துட்டு வந்தேன் தெரியுமா? லீவுக்கு வா, சைக்கிள் வாங்கி வெச்சிருக்கேன், உன் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சுட்டேன்...

தம்பி. கையைத் தூக்கிட்டா.

தூக்கிட்டா தம்பி! மேடம் கை ஸ்விட்ச்சுக்குப் போகுது. என்ன பேசறது? சைக்கிளா, பெயின்ட்டா...

பாப்பா... அலமாரிக்கு அடியில உருண்டுச்சே... அப்புறம் என்னம்மா ஆச்சு?